முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடியால் பாஸ்போ-ஈஆர்கே பார்ப்பது எப்படி?

வளர்ச்சிக் காரணி செல்லைத் தொட்டதும் ஈஆர்கே என்ற சமிக்ஞைப் புரதத்தில் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏறும். மனித ஈஆர்கே1-இல் அவை திரியோனைன் 202, டைரோசின் 204. பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் முயல் ஆன்டிபாடியை வைத்து வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடுவது) செய்யப் போகிறோம். ஜெல் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பாலிகுளோனல் என்பது முயலின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் மாறினால் கலவையும் மாறும். அதனால் குப்பியின் லாட் எண்ணை முதலில் நோட்டில் குறித்துவிடுங்கள்.

1. செல்கள். ஹீலா என்ற மனிதச் செல்களை மூன்று தட்டுகளில் வளர்த்து, முந்தைய இரவே சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். முதல் தட்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதற்கு ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 5 முதல் 10 நிமிடம். மூன்றாவதற்கு 10 மைக்ரோமோலார் யூ0126 என்ற மெக் தடுப்பானை (மெக் என்பது ஈஆர்கே-யில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) அரை மணி நேரம் கொடுத்து, அப்புறம் அதே ஈஜிஎஃப். இந்த மூன்றாவது தட்டைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று காட்டப்போவது அதுதான்.

2. லைசேட், அதாவது செல்களை உடைத்தெடுத்த கரைசல். பிளாட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பழி மட்டும் ஆன்டிபாடிக்கு. செல் உடைந்ததும் அதிலுள்ள பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். எனவே எல்லாம் ஐஸ் மேல். செல்லை உடைக்கும் பஃபரில் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பானோடு, பாஸ்பட்டேஸ்களை அடக்க சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார், சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார் அன்றன்று சேருங்கள்.

3. ஜெல். 10 சதவீத ஜெல், ஒரு லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம். மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் சவ்வுக்கு மாற்றுங்கள்.

4. ஆன்டிபாடி. 5 சதவீத பிஎஸ்ஏ-வில் (மாட்டு சீரம் அல்புமின் என்ற புரதம்) ஒரு மணி நேரம் பிளாக் செய்யுங்கள், அதாவது சவ்வின் வெற்றிடங்களை அடைத்துவிடுங்கள். பால் பவுடர் மலிவுதான், ஆனால் அதிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி அழுக்காகலாம். முயல் ஆன்டிபாடியை 1:1000 விகிதத்தில், அதாவது 10 மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோலிட்டர், பிஎஸ்ஏ-வில் கலந்து 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டுங்கள். மறுநாள் டிபிஎஸ்டி என்ற கழுவும் பஃபரில் மூன்று முறை கழுவி, ஹெச்ஆர்பி நொதி இணைத்த முயல்-எதிர் இரண்டாம் ஆன்டிபாடி, 1:5000, ஒரு மணி நேரம். இதில் சோடியம் அசைடு கலக்கவே கூடாது, ஹெச்ஆர்பி நொதியை அது முடக்கிவிடும். மறுபடி கழுவி, ஈசிஎல் (ஹெச்ஆர்பி பட்டதும் ஒளி தரும் கரைசல்) ஊற்றிப் படமெடுங்கள்.

5. படித்தல். 44, 42 கிலோடால்டனில் இரண்டு பட்டைகள் ஈஜிஎஃப் லேனில் பளிச்சென்று வர வேண்டும். யூ0126 லேனிலும் குறையாத பட்டை எதுவானாலும் அது பெரும்பாலும் பாஸ்போ-ஈஆர்கே இல்லை. அடுத்து சவ்வை ஸ்ட்ரிப் செய்து, அதாவது ஒட்டிய ஆன்டிபாடிகளைக் கழற்றிவிட்டு, மொத்த ஈஆர்கே (பாஸ்பேட் ஏறியது, ஏறாதது இரண்டும்) பாருங்கள். அந்த ஆன்டிபாடியும் முயலுடையது என்றால், முதலில் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டு ஒரு படம் எடுங்கள். அதில் பழைய பட்டை தெரிந்தால் இன்னொரு தடவை ஸ்ட்ரிப் செய்ய வேண்டியதுதான்.