சைக்கிளுக்கு ஜி.பி.எஸ். வாங்குகிறீர்களா? நெல்லை வெயிலுக்கும் மலைக்கும் தாங்குமா என்று முதலில் பாருங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் கூடி நின்றால், ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வழி பார்க்கும் ஜி.பி.எஸ். கருவி பற்றிய பேச்சு வராமல் இருக்காது. கார்மின் நல்லதா, வாஹூ நல்லதா, விலை குறைந்த பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் போதுமா என்றுதான் அந்தப் பேச்சு ஓடும். எந்த ரோட்டில், எந்த மாசத்தில், எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறோம் என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. வாங்கும்போது நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் திரை. கடையில் ஏ.சி.க்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். நாங்குநேரி தாண்டி நாற்கர சாலையில் நிழலே இல்லாமல் பதினொரு மணி வெயிலில் போகும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். செல்போன் மாதிரி உள்ளிருந்து ஒளிவிடும் சில திரைகள் அந்த வெயிலில் வெளிறிப்போகும். ஈடுகொடுக்க வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி கரையும். வெயிலையே பிரதிபலித்துக் காட்டும் திரைகளும் உண்டு. வண்ணம் மங்கலாக இருந்தாலும் வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். நம்ம ஊருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சில கோணங்களில் திரை மொத்தமாகக் கறுத்துவிடும்.

செல்போனையே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால் போதாதா என்பார்கள். பக்கத்துத் தெருவரைக்கும் போதும். மே மாத வெயிலில் அரை நாள் மாட்டி வைத்தால் போன் சூடாகித் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு அழைப்பு பேச வேண்டிய நேரத்தில் சார்ஜும் இருக்காது.

அடுத்த தவறு, பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி மணிக்கணக்கை அப்படியே நம்புவது. அந்தக் கணக்கு பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து, வசதிகள் பலவற்றை அணைத்துவைத்து எடுத்ததாக இருக்கும். மேப், சென்சார், போன் இணைப்பு எல்லாம் ஓடினால் நேரம் நன்றாகவே குறையும். இதில் நம்ம ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வள்ளியூர், பணகுடிப் பக்கம் மேல்காற்று எதிரே அடித்தால், வழக்கமாக எடுக்கும் நேரத்தில் திரும்பி வர முடியாது. பிரேவே என்னும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு ஓட்டுகிறவர்களுக்கு 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அவ்வளவுக்கும் ஒரே சார்ஜை நம்ப முடியாது. ‘பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பதிவும் ஓடுமா?’ என்று கேளுங்கள். சார்ஜர் குத்தும் ஓட்டையின் ரப்பர் மூடி உறுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கருவி வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியதே அந்த மூடிதான்.

சாட்டிலைட் விஷயத்தில் தேவைக்கு மேல் பணம் போடுகிறவர்கள் உண்டு. கயத்தாறு, மூலைக்கரைப்பட்டி, திசையன்விளை என்று வானம் திறந்து கிடக்கும் சமவெளியில் சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் வித்தியாசத்தில் சரியாகவே காட்டும். சாட்டிலைட் சிக்னலை இரண்டு அலைவரிசையில் வாங்கும் விலை கூடிய கருவி அங்கே பெரிதாக எதையும் கூட்டித் தராது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் ரோடு வேறு கதை. ஒரு பக்கம் மலைச்சுவர், தலைக்கு மேல் மரம், அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவு. அங்கே சாதாரண கருவியில் நாம் போன வழியைக் காட்டும் கோடு ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கும். மலை ஏறுகிறவருக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம்.

ஏற்றத்தில் மெதுவாகப் போனால் இன்னொரு தொல்லை வரும். நாம் நின்றுவிட்டோம் என்று நினைத்துக் கருவி பதிவை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். சக்கரத்தில் ஒரு வேக சென்சார் மாட்டினால் இது தீரும். ஆனால் சக்கரச் சுற்றளவைச் சரியாகப் போட வேண்டும். 700x25 டயருக்குச் சுமார் 2105 மில்லிமீட்டர், 700x32-க்குச் சுமார் 2155. டயரை மாற்றிவிட்டுப் பழைய அளவையே விட்டுவைத்தால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

உயரக் கணக்குக்கு பாரோமீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பும் கருவி, தட்டையான ரோட்டிலும் மலை ஏறியதாகக் கணக்கு எழுதிவிடும். பாரோமீட்டர் காற்றழுத்தத்தைப் பார்க்கிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய எட்டு மீட்டர் ஏறியதாக அர்த்தம். கருவியில் இருக்கும் ஊசிமுனை அளவு துளை வழியாகத்தான் அந்த அழுத்தம் உள்ளே போக வேண்டும். குற்றாலச் சாரலில் ஒரு சொட்டு அதில் உட்கார்ந்தாலோ, வியர்வை உப்புக் காய்ந்து அடைத்தாலோ உயரம் கோணலாகிவிடும். ரைடு முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஊசியை மட்டும் விட்டுக் குத்தாதீர்கள்.

அதே சாரலில் தொடுதிரை தானாகப் பக்கம் மாறும். பட்டன் வைத்த கருவியே மழைக்கு நல்லது. பெட்டியில் தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாட்டர் சர்வீஸில் பைப்பைப் பிடித்து அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு வழிகாட்டுதலில் நடக்கிறது. மேப் இருக்கிறது என்று விற்கும் கருவிகளில் சில வெறும் கோட்டை மட்டும் காட்டும். சிலவற்றில் வழி தவறினால் புதிய வழி போட போன் இணைப்பு வேண்டும். பாபநாசம் தாண்டி காரையாறு பக்கம் போனால் போன் சிக்னலை நம்ப முடியாது. வாங்கும் முன் போனை அணைத்துவிட்டு, தெரிந்த ஊருக்கு ஒரு வழியைப் போட்டு, வேண்டுமென்றே தப்பான தெருவில் திரும்பிப் பாருங்கள். கருவி என்ன செய்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். மேப்பில் ரோடு இருப்பதாலேயே போகலாம் என்றும் ஆகாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வழியாகக் குறுக்குவழி என்று கருவி காட்டும்; வனத்துறை அனுமதி வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கிளம்பும் முன் சோதனைச் சாவடி நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நம் பொறுப்பு.

வாரண்டி நம் நாட்டில் செல்லுமா என்று பில் போடும் முன் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கினால் விலை குறையலாம், பழுதானால் திரும்ப அவர் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். கருவியோடு சின்னக் கயிறு வந்தால், ஹேண்டில்பாரில் மாட்டும்போது அதையும் கட்டிவிடுங்கள். மவுண்ட் கழன்றாலும் கருவி ரோட்டில் விழாது.