வேகமான காருக்கு டயர் வாங்கும்போது நேரும் தவறுகள்

2012இல் டொயோட்டா 86 வெளிவந்தபோது அதன் டயரைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். ஓட்டும் சுகத்துக்காகவே செய்யப்பட்ட, பின்சக்கரங்களால் ஓடும் கார் அது. அதில் மாட்டியிருந்ததோ மிஷெலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்). எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸின் சில வகைகளில் இருந்த அதே டயர். வாங்கியவர்களில் நிறையப் பேர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு, இன்னும் நன்றாகப் பிடிக்கும் டயரை மாட்டினார்கள். கார் வளைவுகளில் வேகமாகப் போனது. ஆனால் முன்பு மிதமான வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல விலகி எல்லையை உணர்த்திய கார், இப்போது அதை உணர்த்தவே கூடுதல் வேகம் கேட்டது. சிலருக்கு அது பிடித்தது, சிலர் பழைய டயருக்கே திரும்பினார்கள்.

டயர் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிறந்த டயர் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த வெப்பநிலையில், எவ்வளவு தண்ணீரில், எந்த வேகத்தில் என்று கேட்ட பிறகுதான் ஒரு டயர் நல்லதா இல்லையா என்றே பேச முடியும். உங்கள் காரின் மிக மோசமான நாள் எது? அந்த நாளை மனதில் வைத்து வாங்குங்கள். நல்ல நாளை எந்தத் தரமான டயரும் சமாளித்துவிடும்.

பந்தயத் தட டயரைச் சாலைக்குக் கொண்டுவருவது

ஆர்வம் மிகுந்தவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர், டோயோ ஆர்888ஆர் போன்றவற்றைச் செமி-ஸ்லிக் என்பார்கள். சாலையில் ஓட்டவும் அனுமதி உண்டு, தடத்திலும் ஓட்டலாம். காய்ந்த தரையில், சூடு ஏறிய பிறகு இவற்றின் பிடிப்பு அபாரம். எனக்கும் அந்த ஆசை வந்தது, மாட்டினேன். ஒரு குளிரான விடியற்காலை, ஈரமான சாலை, முதல் ரவுண்டானா. வேகம் ஒன்றும் அதிகமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியபோது முன்பக்கம் கேட்கவே இல்லை, கார் நேராகவே போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி எதுவும் வராததால் தப்பித்தேன். அந்த இரண்டு வினாடிகளை இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். ரப்பர் பிடிப்பது வெறும் உராய்வால் அல்ல. சாலைப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. ரப்பர் அவற்றுக்குள் அமுங்கி, வெளியே வந்து, மறுபடி அமுங்கியபடியே உருள்கிறது. அமுங்க வேண்டுமானால் அது இளகியிருக்க வேண்டும். தடத்துக்கான காம்பவுண்டு, அதாவது ரப்பர்க் கலவை, உயர்ந்த சூட்டில் இளகும்படி கலக்கப்பட்டது. சாதாரணச் சாலைப் பயணத்தில் அந்தச் சூடு வருவதே அரிது. கூடவே தண்ணீர்ப் பிரச்சினையும் உண்டு. இந்த டயர்களில் பள்ளங்கள் குறைவு, புதிதாக இருக்கும்போதே ஆழமும் குறைவு. சாலையில் நிற்கும் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ள வழியில்லாமல் டயர் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். அப்புறம் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம்தான்.

இன்னொன்று, இந்த வகை ரப்பர் ஒவ்வொரு முறை கடுமையாகச் சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டிப்படும். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) நிறைய மிச்சமிருக்கும், ஆனால் பழைய பிடிப்பு இருக்காது. ஆழத்தை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

தடத்துக்குப் போகும் ஆர்வம் உண்மையிலேயே இருந்தால் தனியாக இன்னொரு செட் சக்கரம் வைத்துக்கொள்வது நல்லது. சாலைக்குப் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற, ஈரத்தையும் கணக்கில் எடுத்துச் செய்த டயர் போதும். போதும் என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பொதுச்சாலையில் அதன் எல்லையைத் தொடும் அளவுக்கு ஓட்டுவதே ஆபத்து.

குளிரையும் ஈரத்தையும் மறந்துவிடுவது

கோடைக்கால டயர் என்ற வகையில் வரும் பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது விறைக்கத் தொடங்குகின்றன. இது கோடு போட்டதுபோல் ஒரே புள்ளியில் நடப்பதில்லை, படிப்படியாகத்தான் நடக்கும். உறைபனிக் குளிரில் சில டயர்களின் ரப்பரில் வெடிப்பே விழலாம். அந்தக் குளிரில் வண்டியை நகர்த்தக்கூடாது என்று சில தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். உங்கள் ஊரில் குளிர்காலம் அப்படியென்றால் தனி குளிர்கால டயர் வேண்டும். பக்கச்சுவரில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் பட்டன் அமைப்பைப் பற்றிய தயாரிப்பாளரின் குறிப்பு. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருந்தால்தான் பனியில் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

குளிரே இல்லாத ஊர்க்காரருக்கு இந்தக் கவலை வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது மழையை. ஈரத்தில் பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்கள் அடுத்தடுத்த தடங்களில் போகின்றன. ஒன்றின் டயர் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 1, மற்றதன் டயர் 0.8. இருவரும் ஒரே நொடியில் பிரேக்கை முழுதாக அழுத்துகிறார்கள். முதல் கார் சுமார் 39 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவதுக்குச் சுமார் 49 மீட்டர் தேவை. பத்து மீட்டர்தானே என்று தோன்றும். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அது இன்னும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் ஒரு குழந்தை நின்றிருந்தால் அந்த 45 என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தர எண்களைத் தவறாகப் படிப்பது

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 200, 300 என்று இருக்கும். இது அமெரிக்க அரசின் தர முறையிலிருந்து வருவது. 100 என்று மதிப்பிடப்பட்ட ஒரு ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத் தேய்மானத்தை அளப்பார்கள். எண்ணைக் கொடுப்பது தயாரிப்பாளரேதான். ஆகவே ஒரு நிறுவனத்தின் 300ஐ இன்னொரு நிறுவனத்தின் 300ஓடு ஒப்பிட்டு ஆயுளைக் கணக்கிட்டால் ஏமாற நேரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது ஓரளவு உதவும். எண் குறைந்தால் பிடிப்பு கூடும் என்று விதிபோல் சொல்வதும் சரியில்லை. அந்தச் சோதனையில் பிடிப்பை அளப்பதே இல்லை.

அதே முறையில் வரும் ஏஏ, ஏ, பி, சி என்ற டிராக்‌ஷன் குறிகள் ஈரத்தரையில் நேராகப் போகும்போது பிரேக் பிடிப்பதை மட்டுமே சொல்கின்றன. ஐரோப்பிய லேபிளிலும், 2021 மே முதல் ஏ தொடங்கி ஈ வரை உள்ள வடிவத்தில், ஈரப்பிடிப்பு என்பது பிரேக் சோதனைதான். வளைவில் எப்படி நடக்கும், ஸ்டியரிங்கில் என்ன உணர்வு வரும், பாதி தேய்ந்த பிறகு எப்படி என்பதெல்லாம் அங்கே இல்லை. இவற்றுக்கு ஒரே வழி, ஒரே கார், ஒரே அளவு, ஒரே நாள் என்று ஓட்டிப் பார்த்த ஒப்பீட்டுச் சோதனைகளைப் படிப்பது. அதிலும் ஒரு எச்சரிக்கை, உங்கள் காரை ஒத்த எடையும் அமைப்பும் கொண்ட காரில் செய்த சோதனையாகப் பாருங்கள். கனமான நான்கு சக்கர இயக்கக் காரில் முதலிடம் பிடித்த டயர், ஆயிரம் கிலோ எடையுள்ள சின்ன ரோட்ஸ்டரில் (இரண்டு இருக்கைத் திறந்த கார்) பக்கச்சுவர் விறைப்பாகப்பட்டு மந்தமாகத் தோன்றலாம்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று நம்புவது

பாதி உண்மை. தரையைத் தொடும் பரப்பு பெருமளவு எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. 1,400 கிலோ கார், எடை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்திருக்கிறது, காற்று 2.4 பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு டயர் தொடும் இடம் தோராயமாக 140 சதுர சென்டிமீட்டர். அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அது உதவுகிறது, ஸ்டியரிங்குக்கு உடனே பதில் வரும். ஆனால் தேங்கிய தண்ணீரில் அதே அகலம் எதிரி. முன்னால் வரும் அதிகத் தண்ணீரை ஒதுக்கக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது.

ரிம் அகலத்தையும் பார்க்க வேண்டும். 225/40 ஆர்18க்கு ஏற்ற ரிம் 7.5 முதல் 9 அங்குலம். 245/40 ஆர்18க்கு 8 முதல் 9.5. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரை மாட்டினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, திருப்பும்போது ஆடும். அகல டயர் வாங்கிய பிறகு கார் முன்பைவிடச் சோம்பலாகத் திரும்புகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ரிம் அளவைத்தான். இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவே சுற்றளவும் 2.5 சதவீதம் கூடுகிறது, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

பெரிய வீலும் இதே கதைதான். பார்க்க அழகு. ஆனால் பெரும்பாலும் எடை கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் பாகத்தில். பக்கச்சுவர் மெலிந்துபோவதால் குழியில் இறங்கினால் ரிம் அடிபடும். கரடுமுரடான சாலையில் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? என் கருத்தில் பெரும்பாலான சாலைக் கார்களுக்கு, பிரேக்கைத் தாண்டிப் பொருந்தும் மிகச்சிறிய வீல்தான் நல்ல வீல்.

எழுத்துகளையும் எண்களையும் கவனிக்காமல் தாண்டிப் போவது

பக்கச்சுவரில் 92ஒய் என்றால் ஒரு டயர் 630 கிலோ சுமக்கும், 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. கார்த் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே இறங்கக்கூடாது, அவ்வளவுதான். எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோடு) டயரில் மட்டும் ஒரு கவனம் தேவை. அதன் கூடுதல் சுமைத்திறன் கூடுதல் காற்றில்தான் கிடைக்கும். பழைய அழுத்தத்திலேயே விட்டுவிட்டு எக்ஸ்எல் போட்டதால் பலம் கூடியது என்று நினைக்க வேண்டாம்.

போர்ஷேவுக்கு என்0, என்1, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடீஸுக்கு எம்ஓ என்று சில டயர்களில் குறி இருக்கும். ஒரே பெயர் கொண்ட டயரானாலும் அந்தக் காருக்காக உள்ளே மாற்றிச் செய்தது. குறியுள்ளதையும் இல்லாததையும் கலந்து மாட்டாதீர்கள்.

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் பெர்ஃபார்மன்ஸ் டயர் நாளான சரக்காக இருக்கலாம், அதில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டை மட்டும் மாற்றுவது

நான்கையும் ஒன்றாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாதபோது புதிய இரண்டும் பின்பக்கம் போக வேண்டும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் சரி. இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே, புதியது அங்கேதானே போக வேண்டும் என்று கடையிலேயே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முன்பக்கம் தண்ணீரில் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகி எச்சரிக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்கம் மிதந்தால் எச்சரிக்கை கிடையாது, கார் சுழன்றுவிடும். முன்னும் பின்னும் வேறு அளவு போட்ட கார்களில் இப்படி மாற்றிப் போட முடியாது. அங்கே பின் டயர் தேய்வதை அடிக்கடி கவனிப்பதுதான் வழி. நான்கு சக்கர இயக்கக் காரில் சுற்றளவு வித்தியாசம் கியர் அமைப்பையே கெடுக்கலாம். எவ்வளவு வித்தியாசம் வரை அனுமதி என்று காரின் கையேட்டில் பாருங்கள்.

ரன்-ஃப்ளாட் (காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடும்) டயரிலிருந்து சாதாரண டயருக்கு மாறினால் கார் இதமாக ஓடும், பலருக்கும் அது பிடித்துப்போகும். ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. காற்றடிக்கும் பம்பும் ஓட்டையடைக்கும் பசையும் டிக்கியில் வைத்த பிறகு மாறுங்கள்.

மாட்டிய பிறகு

பழைய டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்ததா என்று கழற்றும்போதே பாருங்கள். இருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் புதியதில் ஓட்டாதீர்கள். அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே இருக்கிறதா, அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். 10 டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் கூடும் அல்லது குறையும், அதனால் பருவம் மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும். புதிய ரப்பரின் மேல்பரப்பு முதலில் வழுக்கலாக இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டுங்கள், குறிப்பாக மழை பெய்தால். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் இன்னொரு தடவை சரிபாருங்கள்.