ஜெர்மன் நகரச் சின்னத்தைப் படிக்கப் பழகலாம்: கோபுர்க்கின் கறுப்புத் துறவி அல்ல, கறுப்பு வீரர்

பவேரியாவின் வட கோடியில் இருக்கிறது கோபுர்க். அதன் நகரச் சின்னத்தில் ஒரு கறுப்பின மனிதரின் தலை. துறவியாக இருக்குமோ என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

1. முதலில் நிறம். கலர்ப் படம் கிடைத்தால் சுலபம். பழைய புத்தகங்களில் கறுப்பு வெள்ளைதான். சின்னத்தின் பின்னணியாக இருக்கும் கேடயம் முழுக்கப் புள்ளிகள் தெரிந்தன. அச்சு சரியில்லை என்று நினைத்து ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் புள்ளிகள்தான் பொன் நிறம்! 17-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம் இது: வெறுமையாக விட்டால் வெள்ளி, செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், இரண்டும் குறுக்கே பின்னினால் கறுப்பு. இதற்குப் பூதக்கண்ணாடிதான் வேண்டும். ஃபோன் கேமராவில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

2. சின்னத்தின் வர்ணனையில் வலது, இடது என்று எழுதியிருந்தால் அது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது, இடது. நமக்கு நேர் எதிர்.

3. உருவம் யார் என்று தெரியாவிட்டால் ஊரின் பழைய தேவாலயத்தின் பெயரைப் பாருங்கள். இங்கே மோரிட்ஸ் தேவாலயம். 1530-இல் மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த இடம். மோரிட்ஸ் என்றால் புனித மோரிஸ். எகிப்தின் தீப்ஸிலிருந்து வந்த ரோமானியப் படைத் தலைவர், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர் என்கிறது மரபுக் கதை. அவரே கோபுர்க்கின் பாதுகாவலர்.

4. சின்னம் எப்போதாவது மாறியதா என்று கட்டாயம் பாருங்கள். 1929-இலேயே நாஜிகள் நகரசபையில் பெரும்பான்மை பெற்ற ஊர் இது. 1934-இல் மோரிஸை எடுத்துவிட்டு, கைப்பிடி முனையில் ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945-இல் அவர் திரும்பி வந்தார். அந்தப் 11 ஆண்டுகள் தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தத் தலையின் அருமை புரிந்தது.

பின்சேர்க்கை: இது அடிமையின் தலையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, புனிதரின் தலை. ஆனால் தடித்த உதடு, காது வளையம் என்று வரைந்த விதம் வேறு விஷயம். 2020-இல் சின்னத்தை மாற்றச் சொல்லி ஒரு மனு, கூடாது என்று ஒரு மனு என இரண்டும் எழுந்தன. புனிதர் இருக்கட்டும், ஓவியத்தைத் திருத்தலாம் என்பது என் கருத்து.

அடுத்து இன்னொரு பவேரிய ஊரான ரோத்தன்பூர்க்கை (டௌபர் ஆற்றங்கரையில் இருப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் கேடயம், செங்குத்துக் கோடுகளால் நிரப்பிய கோட்டை. ஊர்ப் பெயருக்கே ‘சிவப்புக் கோட்டை’ என்றுதான் பொருள்.