முனைவர், பேராசிரியர், ஐயா, அம்மா: கல்லூரிக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஜூனில் எங்கள் துறைக்கு இரண்டு பேர் புதிதாக வேலைக்கு வந்தார்கள். வந்த வாரமே ஒரு கருத்தரங்க அழைப்பிதழைத் தயாரித்து, மெய்ப்புப் பார்க்க என்னிடம் நீட்டினார்கள். 15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறு அப்படியே அதில் இருந்தது. இனிஷியல் மாறியதை, எழுத்துப் பிழையை எல்லாம் யாரும் திருத்திக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தவை வேறு.

வாய்மொழித் தேர்வுக்கு முன்பே ‘முனைவர்’

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்றே பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ சேர்த்துவிடுகிறார்கள். ஐந்தாறு வருட உழைப்பு, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஆய்வேடு இனிமேல்தான் புறத்தேர்வாளர்களிடம் போகும். அவர்கள் அறிக்கை அனுப்ப வேண்டும். திருத்தம் கேட்டால் திருத்திக் கொடுக்க வேண்டும். அப்புறம் பொது வாய்மொழித் தேர்வு. அதில் தேறி, பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சமர்ப்பித்த மூன்றாம் வாரம் ஒரு கல்லூரியில் கட்டுரை வாசித்தேன். “முனைவர்னு போட்டுடலாமா?” என்று கேட்டார்கள். சரி என்றேன். சான்றிதழிலும் அப்படியே அச்சாகி வந்தது. பிறகு ஒரு தேர்வாளர் இரண்டாம் இயலைத் திருத்தச் சொல்லிவிட்டார். வாய்மொழித் தேர்வு முடிய 14 மாதம் ஆயிற்று.

அடுத்த வருடம் ஒரு நேர்காணல். குழுவில் இருந்த அம்மா ஒருவர் என் கோப்பைப் புரட்டி, அந்தக் கருத்தரங்கச் சான்றிதழையும் தற்காலிகச் சான்றிதழையும் உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டி, “இந்தத் தேதியில நீங்க முனைவரா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு பாடத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை. வேலையும் வரவில்லை. இன்றைக்கும் யாராவது “சமர்ப்பிச்சாச்சு சார், போட்டுக்கலாம்ல?” என்றால் எனக்குக் கோபம் வருகிறது. ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்பது கௌரவமான சொல். அதைப் போடுங்கள்.

எல்லோரும் பேராசிரியர், எல்லோரும் முனைவர்

மாணவர்கள் எல்லா ஆசிரியர்களையும் பேராசிரியர் என்பார்கள். அது மரியாதை, இருக்கட்டும். விண்ணப்பத்தில் அது பதவி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள் உண்டு. முனைவர் என்பது பட்டம், பதவி அல்ல.

பட்டம் இல்லாதவருக்கு முனைவர் போடுவதும் தவறுதான். நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறி உதவிப் பேராசிரியராக வந்தவர்கள் நிறைய. 2023 ஜூலை முதல் அந்த வேலையில் சேர முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று யுஜிசியே சொல்லிவிட்டது. 25 வருடம் பாடம் நடத்திய மூத்தவரை மேடையில் ‘முனைவர்’ என்று வாசித்தால் அவர் கூசிப்போவார். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு முனைவர், பெண்களுக்குத் திருமதி

அந்த அழைப்பிதழில் இதுவும் இருந்தது. வரிசையாக நான்கு முனைவர்கள், ஐந்தாவதாக ஒரு ‘திருமதி’. எங்கள் துறையில் முதலில் பட்டம் வாங்கியவர் அந்த அம்மாதான். ‘திருமதி’யை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘முனைவர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

முன்னால் முனைவர், பின்னால் பிஎச்.டி.

ஒன்று போதும்.

“டாக்டர்னு கூப்பிடுங்க”

மாணவர்களிடம் கேட்டு வாங்காதீர்கள். தமிழ்த் துறையில் ஐயா, அம்மா. மற்ற துறைகளில் சார், மேடம்.

வெளிநாட்டுக்கு ‘டியர் சார்’

பெயரைப் பார்க்காமல் ‘டியர் சார்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒரு பெண் பேராசிரியருக்குப் போய்ச் சேரும். பிரிட்டனில் புரொபசர் என்பது உயர்ந்த பதவி, முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளருக்கு ‘டாக்டர்’தான். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியரையும் புரொபசர் என்றே எழுதலாம். அவருடைய துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

கௌரவ விரிவுரையாளர்கள்

நிரந்தர வேலை இல்லாமல் பாடம் நடத்துகிறவர்கள் இவர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அவர்களில் பலர். அழைப்பிதழில் அவர்கள் பெயருக்கு முன்னாலும் முனைவர் போடுங்கள்.