இடுப்பு எலும்புக்கு ஸ்டெம் செல் செய்யப்போறீங்களா, முதல்ல ஸ்டேஜைக் கேளுங்கோ

எங்கட அண்ணாவுக்கு கவட்டுப்பக்கம் நோகுது எண்டு தொடங்கினது, எக்ஸ்ரே எடுத்தா ஒண்டுமில்ல எண்டினம், சரி எண்டு ஜெல்லைப் பூசிக்கொண்டு கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு 100 பஸ்ஸில நிண்டபடியே வேலைக்குப் போய்வந்து 7 மாசத்தைக் கடத்திட்டார். பிறகுதான் எம்ஆர்ஐ. ஏவிஎன் எண்டு வந்துது, தொடை எலும்பின்ர உருண்டைத் தலைக்கு ரத்தம் போகாம உள்ளுக்குள்ள எலும்பு செத்துக்கொண்டு வாறது. ஸ்டெம் செல் எண்டது புது எலும்பாகக்கூடிய செல், அதை அந்தத் தலைக்குள்ள விடுற வைத்தியத்தைத்தான் இதுக்குச் சிலர் சொல்லுகினம்.

ஆஸ்துமா, லூப்பஸ், கோவிட் எண்டு ஏதாவதுக்கு ஸ்டீராய்டு கனக்க எடுத்தவை, நல்லாக் குடிக்கிறவை, இடுப்பு முறிஞ்சவை அல்லது விலகினவை, இவைக்கு கவட்டுக்குள்ள நோ வந்தா சும்மா விடாதேங்கோ. சிலருக்கு முழங்கால்தான் நோகும், அதையே பாத்துக்கொண்டிருப்பினம். தொடக்கத்தில எக்ஸ்ரேயில தெரியாது, எம்ஆர்ஐயிலதான் பிடிபடும், அதுவும் ரெண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கோ, மற்றப்பக்கமும் சத்தமில்லாம தொடங்கியிருக்கலாம். பயத்தில ஸ்டீராய்டு குளிசையை நீங்களா திடீரெண்டு நிப்பாட்டவேண்டாம், அது வேற ஆபத்து. தந்த டொக்டரோட கதைச்சுத்தான் குறைக்கவேணும்.

ரிப்போட்டைக் கொண்டு ஒர்த்தோ சேர்ஜன் ஒராளை சனல் பண்ணுங்கோ, இல்லாட்டி பெரியாஸ்பத்திரி கிளினிக். உள்ள போனதும் கேக்கவேண்டியது "ஸ்டெம் செல் செய்யலாமா" எண்டில்ல, "என்ன ஸ்டேஜ், தலை இன்னும் உருண்டையா இருக்கா" எண்டு. 1, 2 எண்டா வடிவம் கெடேல்ல. 3 எண்டா பிங்பொங் பந்து ஒருபக்கம் நெளிஞ்ச மாதிரி, 4 எண்டா மூட்டே தேஞ்சுபோச்சு. நெளிஞ்ச பந்தை ஸ்டெம் செல் திருப்பி உருட்டாது. பிரான்ஸில ஹெர்னிகு எண்ட சேர்ஜன் 2002 இல வெளியிட்ட கணக்கைப் பாருங்கோ, தலை நெளிய முதல் செய்த 145 இடுப்பில 9 பேருக்குத்தான்... இல்ல, 9 இடுப்புக்குத்தான் பிறகு மூட்டு மாத்தவேண்டி வந்தது, நெளிஞ்ச பிறகு செய்த 44 இல 25 க்கு மாத்தவேண்டி வந்தது. இதுக்குமேல நான் என்னத்தைச் சொல்ல.

செய்யிறது இப்பிடித்தான். மயக்கிப்போட்டு, பெல்ட் கட்டுற இடத்தில இருக்கிற இடுப்பெலும்பில ஊசி குத்தி எலும்புக்குள்ள இருக்கிற மச்சையை எடுப்பினம், அதைச் சுழட்டுற மெஷினில போட்டு செல் கூடின பகுதியைப் பிரிச்சு, எக்ஸ்ரேயைப் பாத்துப்பாத்து தொடையெலும்புத் தலைக்குள்ள சின்ன ஓட்டை துளைச்சு அதுக்குள்ள விடுவினம். துளைக்கிறதால உள்ளுக்குள்ள இருக்கிற அழுத்தமும் குறையும், நோ குறையிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த மச்சையில உண்மையான ஸ்டெம் செல் கொஞ்சம்தான்.

கையில ட்ரிப் போட்டா செல் தானாத் தேடிப்போய் இடுப்பைச் சரியாக்கும் எண்டு யாரும் சொன்னா எழும்பி வந்திடுங்கோ. பிஆர்பி எண்டது ரத்தத்தில இருந்து எடுக்கிறது, ஸ்டெம் செல் இல்ல, ரெண்டையும் ஒண்டாக்கி விக்கிறவையும் இருக்கினம். அண்ணாவுக்கு ஒரு இடத்தில எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில பிடிச்சுக்கூடப் பாக்காம பக்கேஜ் விலை சொன்னவை, எனக்கு வந்த கோவம்! செல் எங்க இருந்து எடுக்கிறீங்கள், எங்க விடுறீங்கள், இதுவரை எத்தினை பேருக்குச் செய்தீங்கள், சரிவராட்டி அடுத்தது என்ன, மொத்தச் செலவு எழுத்தில தருவீங்களா, இவ்வளவையும் பேப்பரில எழுதிக்கொண்டு போங்கோ, உள்ள போனா எல்லாம் மறந்துபோகும். சிங்களம் தடுமாறினா கதைக்கக்கூடிய ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

செய்த பிறகு கிட்டத்தட்ட 6 கிழமைக்கு க்ரச்சஸோடதான் நடக்க விடுவினம், துளைச்ச எலும்பு பாரம் தாங்காம முறிஞ்சிடக்கூடாது எண்டுதான். சரியான நாளை உங்கட சேர்ஜன் சொல்லுவார். நிலத்தில சப்பாணி கட்டி இருக்கிறது, குந்துற டொய்லட், ரெண்டும் வேண்டாம். ஃபிளாட்டில லிஃப்ட் ஓடாட்டி கீழ்வீட்டில சொந்தக்காரர் ஆரும் இருக்கினமா எண்டு முதலே பாத்து வையுங்கோ. மழைக்கு படிக்கட்டு டைல்ஸ் வழுக்கும், க்ரச்சஸின்ர அடி ரப்பர் தேஞ்சிருந்தா உடன மாத்துங்கோ.