ஒரு நாடு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டதா? சரிபார்க்கும் வழி

‘கையெழுத்திட்டுவிட்டது’ என்ற செய்தியை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். பலதரப்பு ஒப்பந்தங்களில் அது பெரும்பாலும் முதல் படிதான். ஏற்புறுதி ஆவணத்தை, அதாவது ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி தரும் உறுதியை, ஒப்படைத்த பிறகே முழுக் கடப்பாடு பிறக்கும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1995-இல் கையெழுத்திட்டது. ஏற்புறுதி செய்யவே இல்லை.

ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு இணையதளத்தில் ஒப்பந்தத்தின் பெயரைத் தேடுங்கள். நாடுகளின் பட்டியலில் கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் தனித்தனித் தேதிகள் இருக்கும். ஏற்புறுதித் தேதியை ஒட்டி சிறிய ஆங்கில ‘ஏ’ எழுத்து தெரிந்தால், அந்த நாடு கையெழுத்திடாமல் நேரடியாகச் சேர்ந்தது என்று பொருள். சட்டப்படி இப்படிச் சேர்வதும் ஏற்புறுதியும் சமம்.

ஒப்பந்தமே நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996-இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி செய்தாக வேண்டும்; அவற்றில் சில செய்யாததால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பலரும் கோட்டைவிடுவது பக்கத்தின் அடிப்பகுதியில். எந்தப் பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒவ்வொரு நாடும் எழுதிக்கொடுத்த விலக்கங்கள் அங்கேதான் இருக்கும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில், திருமணம் பற்றிய 16-ஆம் பிரிவுக்குப் பல நாடுகள் விலக்கம் கோரியுள்ளன. இதைப் படிக்காமல் ‘ஏற்றுக்கொண்ட நாடு’ என்று எழுதுவது பாதி உண்மைதான்.

எல்லா ஒப்பந்தங்களுக்கும் ஐ.நா. காப்பாளர் (ஏற்புறுதி ஆவணங்களைப் பெற்று வைத்திருப்பவர்) அல்ல. எடுத்துக்காட்டாக, போர்க்கால மனிதநேய விதிகளைக் கூறும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்குக் காப்பாளர் சுவிட்சர்லாந்து அரசு. அவற்றின் நிலவரத்தை அந்த அரசின் இணையதளத்தில் பாருங்கள்.