வெண்ணிற ஓரிக்ஸைப் படம்பிடிக்கும் முறை

அரேபிய ஓரிக்ஸ் மறிமான் 1972-இல் காட்டில் முற்றிலும் அற்றுப்போய், காப்பகங்களில் வளர்க்கப்பட்டவற்றின் வழியாக 1982-இல் ஓமான் பாலைவனத்திற்கு மீண்டும் வந்த உயிரினம் என்பதால், அதைப் படமெடுப்பவர் அதன் அமைதியைக் குலைக்காமல் இருப்பதே முதல் கடமை. துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதியில் வழிகாட்டியுடன் வண்டியிலிருந்தே படமெடுக்கலாம்.

வெளிச்ச அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வெண்ணிற உடலும் ஒளிரும் மணலும் படச்சட்டத்தை நிறைக்கும்போது, கேமரா அவற்றைச் சாம்பல் நிறமாக்கி இருட்டிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் அளவு) வரை கூட்டி, முதுகின் வெண்மையில் ரோம விவரம் அழிந்துவிடாதபடி ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) மிக வெளிச்சமான பகுதிகளைக் காட்டும் வலது ஓரத்தைக் கவனிக்க வேண்டும். வெயில் ஏறியபின் மணலிலிருந்து எழும் கானல், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாயினும் படத்தைக் கலங்கச் செய்யும் என்பதால், சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தையே நான் நம்புவேன்.

நேர்ப் பக்கவாட்டில் நின்றால் இரு கொம்புகளும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக்கொம்புக் குதிரைக் கதைக்கு இத்தோற்றமே வித்து என்று கருதுவோர் உண்டு. இரண்டும் தெரிய வேண்டுமெனில், அது தலையைச் சற்றே திருப்பும்வரை காத்திருங்கள்.

நீர்வண்ணத்தில் வரைபவர்கள் உடலுக்கு வெள்ளை வண்ணம் பூசாமல் தாளின் வெண்மையையே விட்டுவைத்து, வயிற்றுப் பகுதியில் மணலிலிருந்து எதிரொளிக்கும் இளஞ்செம்மஞ்சளையும், முதுகின் நிழலில் வானத்தின் மெல்லிய நீலத்தையும் சேர்க்க வேண்டும். கால்களின் அடர்பழுப்பைக் கடைசியில் தீட்டுவது நல்லது.